மாலையைத் தொட்டுக் கொடுத்த வாக்கு

தமிழ்மணியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலை ஏழு மணிக்கு வந்தவன், எமர்ஜென்சியின் கண்ணாடிக் கதவுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தான். நடக்காத நேரத்தில் சட்டையில் குத்தியிருந்த அட்டையைத் திருகினான். அட்டையில் 'மீட்புத் துணைவர் - பயிற்சி' என்று போட்டிருந்தது.

"உட்காருங்க சார். நீங்க நடக்குறதைப் பாத்து எனக்கு பிரஷர் ஏறுது," என்றார் லூர்துராணி சிஸ்டர். இருபத்தாறு வருஷமாக எமர்ஜென்சி பார்ப்பவர்.

"உட்கார்ந்தா காலு என்னமோ பண்ணுது சிஸ்டர்."

"குடிக்கிற காலத்துலயும் இப்படித்தான் நடந்தீங்களா?"

"அப்ப நடக்கல. ஓட்டினேன். மினி பஸ்."

சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஊசி டிரேயைத் தூக்கிக்கொண்டு போனார்.

தமிழ்மணி லால்குடிக்காரன். வயது முப்பத்தெட்டு. பதினாறு வருஷம் குடித்தான். விட்டு இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துத்தான் பயிற்சி கொடுத்தார்கள். குடித்து விழுந்து மண்டை உடைந்தோ, ரத்த வாந்தி எடுத்தோ ஆஸ்பத்திரிக்கு வருகிறவனுக்கு டாக்டர் வைத்தியம் பார்த்து அனுப்பிவிடுவார். போகிறவன் நேராக மறுபடி கடைக்குத்தான் போவான். அவன் போவதற்கு முன்னால், அதே பள்ளத்தில் விழுந்து எழுந்த ஒருத்தன் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். போன பிறகும் தொடர்பை விடாமல் இருக்க வேண்டும். அதுதான் வேலை.

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ஒரு மாடி ஹாலில் பத்து வாரம் வகுப்பு நடந்தது. எட்டுப் பேர் சேர்ந்தார்கள். நாலாவது வாரம் ஒருத்தர் குடித்துவிட்டு வந்தார். ஆறாவது வாரம் ஒருத்தர் வரவேயில்லை. மிச்சம் ஆறு பேர்.

பாடம் நடத்தியவள் ஸ்ம்ருதி. இருபத்தொன்பது வயது. உத்தர வீதிப் பெண். "கோயில் தீர்த்தத்தைத் தவிர ஒண்ணும் குடிச்சதில்ல, நமக்கு வந்து குடியைப் பத்திப் பாடம் எடுக்குது" என்று முதல் நாள் கிண்டல் செய்தவன் கலீல். பாலக்கரையில் பிரியாணி மாஸ்டராக இருந்தவன். இரண்டாவது வாரத்திலிருந்து அவன்தான் முதல் வரிசையில் உட்கார்ந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தாள் ஸ்ம்ருதி. கலீல் பெஞ்சில் நோயாளியாகப் படுத்துக்கொண்டு, "அண்ணே, ஒரு விசயம் சொல்றேன், எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க," என்று அழுதான்.

"சொல்லவே மாட்டேன்டா, என்னை நம்பு," என்றான் தமிழ்மணி.

ஸ்ம்ருதி கையைத் தட்டி நிறுத்தினாள். "தமிழ்மணி சார், அவர் இன்னும் விஷயத்தையே சொல்லலை. அதுக்குள்ள வாக்கு குடுத்துட்டேள். விஷம் வாங்கி வச்சிருக்கேன்னு சொன்னார்னா என்ன பண்ணுவேள்?"

"அழுறான் மேடம்."

"நான் சும்மாதாண்ணே அழுதேன்," என்றான் கலீல், படுத்தபடியே.

"உங்க உயிருக்கு ஆபத்து இல்லாதவரைக்கும் வெளியில போகாது. ஆபத்துன்னா டாக்டர்கிட்ட மட்டும் சொல்லுவேன். இதை முதல்ல சொல்லிடணும். அப்புறம்தான் கேக்கணும். எழுதிக்கோங்கோ."

தமிழ்மணி எழுதிக்கொண்டான். மூன்று தடவை.

இன்று அவனுக்குத் தேர்வு நாள். அவன் நோயாளிகளோடு எப்படிப் பேசுகிறான் என்று பார்க்க, ஸ்ம்ருதி ஒரு மூலையில் நாற்காலி போட்டு, மடியில் தாளோடு உட்கார்ந்திருந்தாள். தேறினால் இதே எமர்ஜென்சியில் வேலை.

எட்டு மணிக்கு காந்தி மார்க்கெட்டிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்தார்கள். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் கலைந்த சந்தனம். உதட்டோரம் ரத்தம்.

"கத்தரிக்கா மூட்டையை இறக்கிட்டு நின்னாரு சார். அப்படியே மரம் மாதிரி சாய்ஞ்சு, கை கால் வெட்டி வெட்டி இழுத்துச்சு," என்றார் கூட வந்த சுமைதூக்கும் தொழிலாளி.

பேர் அடைக்கலம். ஊர் திருவெள்ளறை. ஜாவித் டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒன்பதரைக்கு அடைக்கலத்தின் மனைவி வெள்ளையம்மாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள்.

"இவருக்குக் குடிப்பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"சாமியைப் பாத்துக் கேக்குற கேள்வியா இது? கழுத்துல என்ன கெடக்குன்னு தெரியலையா?"

"எல்லார்கிட்டயும் கேக்குறதுதாம்மா."

"போன வருசம் மாலை போட்டதோட விட்டாச்சு. மலைக்குப் போயிட்டு வந்தும் தொடல. எங்க ஊர்ல வந்து கேளுங்க. எங்க வீட்டுச் சாமியைக் காட்டித்தான் மத்தவளுவ புருசனைத் திட்டுறாளுவ."

"சரிம்மா, சரி." டாக்டர் 'இல்லை' என்று எழுதினார். விரதம், நேற்று முழுக்க வயல் வேலை, விடிவதற்கு முன்னால் மூட்டை தூக்கியது. காரணம் போதுமானதாகத்தான் இருந்தது. "நாலு மணி நேரம் பாப்போம். வலிப்பு திரும்ப வரலைன்னா கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு நரம்பு டாக்டரைப் பாக்கணும்."

குடி இல்லை என்றால் தமிழ்மணிக்கு அங்கே வேலை இல்லை. அவன் நடந்துகொண்டே பார்த்தான். போர்வைக்கு வெளியே கிடந்த அடைக்கலத்தின் வலது கை நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. ஏசிக்குக் கீழே படுத்திருப்பவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

தமிழ்மணியும் மாலை போட்டவன்தான். நாலு தடவை. நாலு தடவையும் முந்தின ராத்திரி வரை முட்டக் குடித்துவிட்டு, கார்த்திகை ஒன்றாம் தேதி விடியற்காலை ஒரே வெட்டாக நிறுத்தினான். நாலாவது தடவை, மாலை போட்ட மறுநாள், கொள்ளிடம் பாலத்தில் ஸ்டியரிங் மேல் சிவப்பு எறும்பு சாரை சாரையாக ஏறியது. முப்பது பேரை வைத்துக்கொண்டு நடுப்பாலத்தில் பிரேக் அடித்தான். எறும்பே இல்லை என்று கண்டக்டர் கத்தியும், துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அது ஏன் என்று வகுப்பில்தான் தெரிந்தது. வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பில் குடியைத் திடீரென்று நிறுத்தினால் மூளை தறிகெட்டு ஓடும். கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் ஆளே போய்விடலாம். டாக்டர் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டால் பயமில்லை.

நேற்று கார்த்திகை ஒன்று.

தமிழ்மணி ஸ்ம்ருதியிடம் போனான். "மேடம், அந்தச் சாமிகூடக் கொஞ்சம் பேசிப் பாக்கட்டுமா?"

"டாக்டர் உங்களைக் கூப்பிடலையே?"

"கூப்பிடல. மனசு கேக்கல."

"உட்காரலாமான்னு கேட்டுண்டு உட்காருங்கோ."

வெள்ளையம்மாள் மருந்து வாங்கப் போகும்வரை காத்திருந்துவிட்டு, ஸ்டூலை இழுத்துக்கொண்டு போனான்.

"சாமி சரணம். பக்கத்துல உட்காரலாமா சாமி?"

"நீங்க யாரு? டாக்டரா?"

"இல்ல சாமி. குடிச்சுக் கெட்டவன். இப்ப விட்டுட்டேன்."

அடைக்கலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதுக்கு எங்கிட்ட ஏன் வந்தீங்க?"

"நானும் நாலு வருசம் மாலை போட்டேன் சாமி. ரெண்டாம் நாளு எனக்கும் கை இப்படித்தான் ஆடுச்சு."

ஆடிய கை போர்வைக்குள் போனது.

"வெள்ளையம்மா எங்க?"

"மருந்துக் கடைக்குப் போயிருக்காங்க."

"சொன்னா யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் சாமி."

"சும்மா சொன்னா ஆச்சா? மாலையைத் தொட்டுச் சொல்லுங்க."

மூன்று தடவை எழுதிய வரி தமிழ்மணிக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் மாலை போட்ட ஒருத்தர் மாலையைத் தொடு என்று கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது? கை தானாகப் போய்த் துளசி மணியைத் தொட்டது.

"மாலை மேல சத்தியம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அடைக்கலம் மூச்சை விட்டார். "மலையிலேர்ந்து வந்து பதினாலு நாள்தான் சும்மா இருந்தேன். அப்புறம் மத்தியானம் மார்க்கெட் பக்கம் ஒரு குவார்ட்டர், ராத்திரி மோட்டார் ரூம்ல ஒண்ணு. தண்ணி பாய்ச்சுறேன்னு அங்கயே படுத்துக்குவேன். அவளுக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும் மூணு. விடிஞ்சா மாலைல்ல?"

"சாமி, இதை டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும்."

"தொட்டுச் சொன்னீங்க."

"நான் சொல்லல. நீங்களே சொல்லுங்க."

"அவரு சீட்டுல எழுதுவாரு. எம் பொண்ணு நர்சிங் படிக்குது. சீட்டைப் படிச்சா ஆத்தாகிட்ட சொல்லிடும். ஒரு வருசமா ஊருக்கே என்னைப் பத்திப் பெருமை பேசிட்டிருக்கா வெள்ளையம்மா. அவ மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? போங்க சாமி. நான் தூங்கணும்."

தமிழ்மணி எழுந்து வந்தான். ஸ்ம்ருதி தாளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணுமில்ல மேடம்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு ஏதோ எழுதினாள்.

பத்தரை, பதினொன்று, பதினொன்றரை. கதவு, தண்ணீர் கேன், கதவு. ஆறு டம்ளர் தண்ணீர் குடித்தான். டாக்டரிடம் சொன்னால் சத்தியம் போச்சு. சொல்லாவிட்டால் ஆள் போயிடலாம். போகாமலும் இருக்கலாம், தான் போகவில்லையே? நாலு தடவையும் பிழைத்துத்தானே வந்தோம்? இப்படியே மாற்றி மாற்றி யோசித்தான். கடைசியில் ஜாவித் டாக்டரை வழிமறித்தான்.

"டாக்டர், அந்தச் சாமியை இன்னைக்கு ஒரு நாள் இங்கயே வச்சுக்கலாமா?"

"ஏன்?"

"ஒரு மாதிரி இருக்கு டாக்டர்."

"ஒரு மாதிரின்னு சீட்டுல எழுத முடியாதே தமிழ்மணி சார். என்ன பாத்தீங்க, சொல்லுங்க."

"வேர்க்குது."

டாக்டர் போய் நாடி பிடித்துப் பார்த்தார். "பல்ஸ் கொஞ்சம் வேகமாத்தான் இருக்கு. ஏம்மா, நாளைக்குக் காலையில போகலாமே?"

"சாயங்காலம் ஆறு மணிக்குப் பூஜை. சாமி இல்லாம எப்படி? எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க," என்றாள் வெள்ளையம்மாள்.

டாக்டர் மேற்கொண்டு பேசுவதற்குள் பைக் விபத்தில் சிக்கிய இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். அவர் திரைக்குப் பின்னால் ஓடினார்.

பன்னிரண்டரைக்கு வெள்ளையம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனாள். அடைக்கலம் கட்டிலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, விரிப்பை விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி எதையோ எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சாமி?" என்றான் தமிழ்மணி.

"எறும்பு. பெரிய ஆஸ்பத்திரிங்குறாங்க, இம்புட்டு எறும்பை விட்டுவச்சிருக்காங்களே."

வெள்ளை விரிப்பு. அதில் ஒன்றுமே இல்லை.

தமிழ்மணி டாக்டரைத் தேடி ஓடினான். திரைக்குள்ளிருந்து, "வெளிய நில்லுங்க!" என்று யாரோ அதட்டினார்கள். ஸ்ம்ருதியின் நாற்காலி காலியாக இருந்தது. திரும்பி வந்தபோது கட்டிலும் காலி. வாசலுக்குப் பாய்ந்தான். ஆட்டோவின் பின்சீட்டில் அடைக்கலம் ஏறியாகிவிட்டது. தமிழ்மணி முன்னால் போய் நின்றுகொண்டான்.

"சாமியைக் கூட்டிட்டுப் போகாதீங்கம்மா."

"ஏன்? டாக்டர்தானே போகலாம்னாரு?"

"டாக்டர் ஒரு தடவை வந்து பாத்துடட்டும்."

"என்னான்னு சொல்லு. சும்மா வந்து நின்னுக்கிட்டு... நீ யாரு முதல்ல? வழியை விடுய்யா!"

"அண்ணே, பின்னாடி வண்டி நிக்குது," என்று ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தினார். பின்னால் நின்ற வண்டியும் அழுத்தியது. சத்தம் கேட்டு ஸ்ம்ருதி போனும் கையுமாக வாசலுக்கு வந்தாள்.

"தமிழ்மணி சார், என்ன ஆச்சு?"

அவ்வளவுதான். காலையிலிருந்து அடைத்துவைத்தது உடைந்துகொண்டு வந்தது.

"குடிச்சிருக்காரு மேடம்! ஞாயித்துக்கிழமை வரைக்கும் தினம் ரெண்டு குவார்ட்டர்! மாலைக்காக ஒரேயடியா நிறுத்திட்டாரு. இப்ப எறும்பு தெரியுதுங்குறாரு. டாக்டரைக் கூப்பிடுங்க!"

ஹாரன் நின்றது. வாட்ச்மேன், டீ வாங்க வந்தவர்கள், வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளையம்மாள் தமிழ்மணியைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். தோளிலிருந்து எதையோ தட்டிவிட்டுக்கொண்டிருந்த அடைக்கலத்தின் கை அப்படியே நின்றது.

"மாலையைத் தொட்டீங்களே சாமி," என்றார், மெதுவாக.

ஜாவித் டாக்டர் ரத்தக் கையுறையோடு ஓடிவந்தார். கட்டிலில் படுக்கவைத்த பத்தாவது நிமிஷம் இரண்டாவது வலிப்பு வந்தது. லூர்துராணி சிஸ்டர் மருந்தோடு தயாராக நின்றதால் சீக்கிரம் அடங்கியது. வெள்ளையம்மாள் சுவரோடு சாய்ந்து நின்று பார்த்தாள்.

டாக்டர் வெளியே வந்து கையைக் கழுவினார். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"பத்து மணிக்கு."

"பத்து மணிக்கே சொல்லியிருந்தா இந்த வலிப்பைத் தடுத்திருக்கலாம்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் ஸ்ம்ருதி அவனை கேன்டீனுக்குக் கூப்பிட்டாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. தமிழ்மணி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"டாக்டருக்குத் தெரியப்படுத்தினது சரி. அதை ரோட்டுல, அவர் ஆத்துக்காரி முன்னாடி கத்தினது தப்பு. அதுக்கு முன்னாடி சத்தியம் பண்ணினது பெரிய தப்பு. எங்கிட்ட ஒண்ணுமில்லைன்னு சொன்னேளே, அது அதைவிட."

"அப்ப நான் ஃபெயிலா மேடம்?"

"அதை அப்புறம் பாக்கலாம். அவர் தெளிஞ்சதும் நீங்க போய் இதையெல்லாம் அவர்கிட்ட சொல்லணும்."

"மன்னிப்புக் கேக்கணும். அவ்வளவுதானே?"

"கேக்காதீங்கோ. படுத்துண்டிருக்கிறவர் உங்களை வேற சமாதானப்படுத்தணுமா? நடந்ததைச் சொல்லுங்கோ. போறும்."

வெள்ளிக்கிழமைதான் அடைக்கலத்துக்குத் தெளிவு வந்தது. இரண்டாவது மாடி வார்டு. வெளியே வராந்தா பெஞ்சில் தூக்குவாளியோடு வெள்ளையம்மாள் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து சிஸ்டர் கையில் கொடுக்கிறாளாம். உள்ளே மட்டும் போவதில்லையாம். தமிழ்மணியைக் கண்டதும் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடைக்கலம் தலையணையில் சாய்ந்திருந்தார். மாலை கழுத்தில் இருந்தது. கை ஆடவில்லை.

"உட்காரலாமா சாமி?"

"நில்லுங்க."

நின்றான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மாலையைத் தொட்டுச் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்துன்னா டாக்டர்கிட்ட சொல்லுவேன்னு முதல்லயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. அப்புறம் ரெண்டரை மணி நேரம் வாயை மூடிட்டு இருந்தேன். அதனால ரெண்டாவது தடவை வலிப்பு வந்துச்சு. அப்புறம் ஊரே கேக்குற மாதிரி கத்துனேன். உங்க வீட்டம்மா அப்படித் தெரிஞ்சுக்கிட்டிருக்கக் கூடாது."

அடைக்கலம் மாலையை விரலால் உருட்டினார். "கழட்டிடலாமான்னு குருசாமிக்குப் போன் போட்டேன். உயிரு இருக்குல்ல, கழட்ட வேணாம் சாமின்னுட்டாரு."

"நல்லது சாமி."

"உங்க மேல கோவமான்னு எனக்கே தெரியல. நீங்க கத்தலைன்னா நான் இப்ப இருந்திருக்க மாட்டேன்னு டாக்டரு சொல்றாரு. இருக்கட்டும். ஆனா உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கு அந்த ஆட்டோதான் தெரியுது."

தமிழ்மணிக்கு மன்னிச்சிருங்க என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான்.

"வெளிய போனா நான் மறுபடி குடிச்சிடுவேன். நல்லாத் தெரியுது," என்றார் அடைக்கலம். "உங்ககிட்ட இனிமே எதையும் சொல்ல மாட்டேன். உங்கள மாதிரி வேற ஆளு யாராச்சும் இருந்தா அனுப்புங்க."

"அனுப்புறேன் சாமி."

வராந்தாவுக்கு வந்து கலீலுக்குப் போன் போட்டான்.

"மூணு மணிக்கு ரெண்டாவது மாடிக்கு வாடா. அந்தச் சாமியை இனிமே நீதான் பாக்கணும்."

"அது உன் ஆளாச்சேண்ணே?"

"எங்கிட்ட பேச மாட்டாராம்."

"உங்கிட்டயே பேசாதவரு எங்கிட்ட எப்படிப் பேசுவாரு? அவரு சாமி, நான் பாய்."

"மோட்டார் ரூம்ல ஒளிஞ்சு குடிச்ச ஆளுடா. நீ பிரியாணி அண்டாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சவன். ரெண்டு பேருக்கும் பேச நெறைய இருக்கும். வா. ஆனா வாக்கு கீக்கு எதுவும் குடுத்துடாதே."

"அதை நீ சொல்றியாண்ணே?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வெள்ளையம்மாள் எழுந்து நின்றிருந்தாள்.

"வரப்போறவரும் குடிச்சவரா?"

"என்னைவிட ஜாஸ்தி."

"இப்ப?"

"தொட்டு மூணு வருசம் ஆச்சு."

அவள் தூக்குவாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "விட்டுட்டேன்னு அந்த ஆளு சொன்னப்ப, அவரு பொண்டாட்டி எதை வச்சு நம்புனா?"

தமிழ்மணி வாயைத் திறந்தான். ஆறுதலாகச் சொல்ல நாலு வார்த்தை தயாராகவே இருந்தன. மூடிக்கொண்டான்.

"தெரியலம்மா. அவர்கிட்டயே கேளுங்க."

"கேக்கத்தான் போறேன்."

உள்ளேயிருந்து வந்த சிஸ்டர் வழக்கம்போலத் தூக்குவாளிக்குக் கையை நீட்டினார். வெள்ளையம்மாள் கொடுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு ஆடி நிற்பதற்குள் அவள் குரல் வெளியே கேட்டது. சாமி என்று கூப்பிடவில்லை.

"எந்திரிச்சு உட்காருங்க. கஞ்சி ஆறுது."